44,364 கோடி: லான்கோ எழுந்ததும் விழுந்ததும்

ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில், ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கத்துக்கும் திருவண்ணாமலைக்கும் ஓடுகிற சாலையை நம்பிப் பிழைப்பவர்கள் 2010களின் நடுப்பகுதியை லேசில் மறக்கமாட்டார்கள். கிருஷ்ணகிரி - திண்டிவனம் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை தனியாரிடம் கொடுக்கப்பட்டு, பாதியில் நின்றுபோன காலம் அது. ஒரு பக்கம் உயர்த்திய தளம், மறுபக்கம் பழைய தார். பாதி எழும்பி நின்ற சிறுபாலம், அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மண்பாதை. மலையிலிருந்து சாமையும் புளியும் இறக்கி வருகிற வண்டிகளும், பௌர்ணமி கிரிவலத்துக்குப் போகிற பஸ்களும் அதிலேதான் ஊர்ந்தன. ஒப்பந்தம் ரத்தாகி, வேலை கைமாறி, சாலை ஒருவழியாகச் சாலையாவதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிட்டன.

அந்த வேலையை எடுத்திருந்தது ஹைதராபாத்தைச் சேர்ந்த டிரான்ஸ்ட்ராய். கோதாவரியில் போலவரம் அணையின் தலைமை வேலைகளையும் இதே நிறுவனம்தான் எடுத்து வைத்திருந்தது. அணையும் சாலையும் ஒருபுறம் தேங்கிக் கிடக்க, 2018 அக்டோபரில் கனரா வங்கியின் மனுவின் பேரில் ஹைதராபாத் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் டிரான்ஸ்ட்ராயைத் திவால் நடவடிக்கைக்குள் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தபோது, வங்கிகளுக்கு ஏற்பட்டதாகச் சொன்ன இழப்பு 7,926 கோடி ரூபாய். மோசடியா இல்லையா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். வேலை நின்றதையும் வங்கிப் பணம் மூழ்கியதையும் அடிவார ஊர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டன.

அதே 2018-இல், அதே ஹைதராபாத்தில், அதே தீர்ப்பாயத்தில் இதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு குழுமத்துக்கு முடிவுரை எழுதப்பட்டது. லான்கோ இன்ஃப்ராடெக். 2018 ஆகஸ்ட் 27 அன்று அதைக் கலைத்துவிடச் சொல்லி உத்தரவானது. ஒரு காலத்தில் 4,500 மெகாவாட்டுக்கு மேல் மின்னுற்பத்தித் திறன், இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள், ஹைதராபாத்தில் ஒரு குட்டி நகரம், ஆஸ்திரேலியாவில் நிலக்கரிச் சுரங்கம் என்று பரந்திருந்த குழுமம் அது. அடிவாரத்துச் சாலை ஏன் அப்படிக் கிடந்தது என்பதைப் புரிந்துகொள்ள டிரான்ஸ்ட்ராயின் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் காலத்துக் கட்டுமானக் கம்பெனிகள் எந்தச் சூத்திரத்தில் வளர்ந்தனவோ, அதை முழு அளவில் காட்டுவது லான்கோதான்.

காளஹஸ்தியிலிருந்து காலி வரை

கட்டுமான ஒப்பந்தம் எடுக்கும் குடும்பமாகத்தான் லான்கோவை நடத்திய லகடபாடி குடும்பம் தொழிலைத் தொடங்கியது. காளஹஸ்தி பக்கம் வார்ப்பிரும்பு ஆலை வைத்தார்கள். அது பிறகு வேறு கைக்குப் போய் இரும்புக் குழாய் செய்யும் ஆலையானது. 1991-க்குப் பிறகு மின்னுற்பத்தியில் தனியாருக்குக் கதவு திறந்ததும் குடும்பத்தின் பார்வை அங்கே திரும்பியது. விஜயவாடாவுக்குப் பக்கத்தில் கொண்டபள்ளியில் 368 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000-இல் ஓடத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் ஒரு கால் ஊன்றினார்கள். காவிரிப் படுகை வாயுவில் ஓடும் 120 மெகாவாட் நிலையம் ஒன்று தஞ்சை மாவட்டம் கருப்பூரில் அபான் குழுமத்திடம் இருந்தது. அது லான்கோவின் கைக்கு வந்தது.

இதுவரை நடந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிலையம் கட்டினார்கள், மின்சாரம் வந்தது, மின்வாரியங்கள் வாங்கின. 2003-இல் வந்த மின்சாரச் சட்டம் ஆட்டத்தை மாற்றியது. உரிமம் இல்லாமலே யாரும் மின்நிலையம் கட்டலாம், திறந்த சந்தையில் விற்கலாம். நாடு முழுக்க மின்வெட்டு. வங்கிகளிடம் பணம் குவிந்து கிடந்தது. கட்டத் துணிந்தவனுக்குக் கடன் கொடுக்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

2006 நவம்பரில் லான்கோ பங்குச்சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 240 ரூபாய். திரட்டியது ஆயிரம் கோடிக்குச் சற்று மேல். அடுத்த மாதமே நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மத்தியப் பிரதேசத்தின் சாசனில் 3,960 மெகாவாட் பிரம்மாண்ட நிலையத்துக்கு மத்திய அரசு ஏலம் விட்டபோது, லான்கோவும் குளோபெலெக் என்ற வெளிநாட்டு நிறுவனமும் சேர்ந்து யூனிட்டுக்கு 1 ரூபாய் 19.6 காசு என்று கேட்டு முதலிடம் பிடித்தன. போட்டிக்கு நின்றவர்கள் அம்பானி வீட்டார் போன்ற பெரிய புள்ளிகள். கூட்டாளி நிறுவனத்தின் உடைமை பற்றிக் கேள்வி எழுந்து, 2007-இல் லான்கோ தகுதியிழந்தது. அதே விலைக்கு அனில் அம்பானியின் ரிலையன்ஸ் பவர் அந்த நிலையத்தை எடுத்துக்கொண்டது.

சாசன் கைவிட்டுப் போனதில் லான்கோ நிதானிக்கவில்லை. வேகம்தான் கூடியது. சத்தீஸ்கரின் கோர்பா அருகே அமர்கண்டக் நிலையம், உத்தரப் பிரதேசத்தில் அன்பரா, கர்நாடகத்தில் நாகார்ஜுனா குழுமத்திடமிருந்து வாங்கிய உடுப்பி. இந்த மூன்றும் ஓடத் தொடங்கிவிட்டன. கூடவே ஒடிசாவில் பபந்த், மகாராஷ்டிரத்தில் விதர்பா, சிக்கிமில் டீஸ்டா ஆற்றில் 500 மெகாவாட் நீர்மின் திட்டம். பெங்களூரு பக்கம் நெலமங்கலாவிலிருந்து ஹாசன் வழியில் ஒன்றும், ஹொஸ்கோட்டே - முல்பாகல் மார்க்கத்தில் ஒன்றுமாக இரண்டு நெடுஞ்சாலைகள். ஹைதராபாத் மணிகொண்டாவில் லான்கோ ஹில்ஸ் என்ற அடுக்குமாடி நகரம். அந்த நிலம் வக்ஃபுக்குச் சொந்தம் என்று தொடங்கிய வழக்கு 2022-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது.

குழுமத்தின் தலைவர் எல். மதுசூதன ராவ். அவருடைய சகோதரர் லகடபாடி ராஜகோபால் 2004-லும் 2009-லும் விஜயவாடாவின் காங்கிரஸ் எம்.பி. தெலங்கானா மசோதா வந்த 2014 பிப்ரவரி 13 அன்று மக்களவைக்குள் மிளகுத்தூளைத் தெளித்து, உறுப்பினர்களை இருமிக்கொண்டே ஓடவிட்டவர் என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென நினைவுக்கு வரும். அரசியல் செல்வாக்கால்தான் கடன் கிடைத்தது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அரசு வங்கியில் கடன் வாங்கி, அரசிடம் அனுமதி வாங்கி, அரசு வாரியத்துக்கே சரக்கு விற்கும் தொழிலை நடத்தும் குடும்பத்தில் ஒருவர் சட்டம் இயற்றும் அவையில் உட்கார்ந்திருப்பதை அந்த நாட்களில் யாரும் உறுத்தலாக நினைக்கவில்லை. அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

முதலாளி போட்ட முதல் எவ்வளவு?

லான்கோ பற்றிப் பேசும்போது எல்லோரும் நிலக்கரி கிடைக்கவில்லை, வாயு வரவில்லை என்று அங்கே போய் நிற்பார்கள். எனக்கு அதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி இருக்கிறது. இத்தனை நிலையங்களைக் கட்ட முதலாளியின் சொந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

ஒரு மின்நிலையத்துக்கு 6,000 கோடி ஆகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நான்கில் மூன்று பங்கு வங்கிக் கடன், அதாவது 4,500 கோடி. மீதி 1,500 கோடியை முதலாளி கொண்டுவர வேண்டும். நிலையத்துக்கென்று தனிக் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்வார்கள். அந்தக் கம்பெனி கட்டுமான ஒப்பந்தத்தை யாரிடம் கொடுக்கும்? தாய்க் கம்பெனியிடமே. ஒப்பந்தத்தில் பத்து சதவீதம் லாபம் வைத்தால் 600 கோடி, நிலையத்திலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் வெளிவரும் முன்பே தாய்க் கம்பெனியின் கைக்கு வந்துவிடும். அதையே எடுத்து முதலாளியின் பங்கு என்று திருப்பிப் போட்டால், வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியது 900 கோடிதான். அந்த 900-க்கும் தாய்க் கம்பெனியின் பங்குகளை அடமானம் வைத்து வேறொரு கடன். இப்படிப் போனால், நிலையம் நஷ்டமடையும்போது உண்மையில் நஷ்டப்பட முதலாளியின் கைப்பணம் அதில் எவ்வளவு இருக்கும்?

இது சட்டவிரோதம் அல்ல. ஊரறிந்த முறை; அந்தக் காலத்து உள்கட்டமைப்புக் குழுமங்கள் பலவும் செய்ததுதான். லான்கோவின் தாய்க் கம்பெனிக்கு வந்த வருமானத்தில் பெரும்பங்கு, தன் குழந்தைக் கம்பெனிகளுக்கு நிலையம் கட்டிக்கொடுத்ததிலிருந்து வந்ததுதான். இந்த முறையில் ஒரு நிலையம் லாபமாக ஓடுகிறதா என்பதைவிட, அடுத்த நிலையத்துக்கு ஒப்பந்தம் போட்டாயிற்றா என்பதே அவசரமான கேள்வியாகிவிடும். புதிய நிலையத்துக்கு வரும் கடன்தான் பழைய நிலையத்தின் பள்ளத்தை நிரப்ப வேண்டும். நிற்க முடியாது. நின்றால் கவிழும். லான்கோ ஏன் ஓடிக்கொண்டே இருந்தது என்பதற்கு ஆசை, அகங்காரம் என்று குணத்தைக் காரணம் சொல்வதைவிட இந்தக் கணக்கைச் சொல்வதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

வங்கி ஏன் கேட்கவில்லை? செலவு மதிப்பீட்டை வங்கிக்காகச் சரிபார்ப்பவர்கள், ஒரு மெகாவாட்டுக்கு இவ்வளவு என்ற சந்தை விலையோடு ஒப்பிட்டார்கள். அந்தச் சந்தை விலையே இப்படிக் கட்டியவர்கள் உருவாக்கிய விலை. போதாக்குறைக்கு, இருபது முப்பது வங்கிகள் சேர்ந்து கடன் கொடுக்கும் கூட்டமைப்பில், முன்னணி வங்கி பார்த்துக்கொள்ளும் என்று மற்றவை கையெழுத்துப் போட்டன.

கிரெடிட் சூயிஸ் நிறுவனம் 2012 ஆகஸ்டில் ‘ஹவுஸ் ஆஃப் டெட்’ என்ற தலைப்பில் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதானி, எஸ்ஸார், ஜி.எம்.ஆர்., ஜி.வி.கே., ஜேபீ, ஜே.எஸ்.டபிள்யூ., லான்கோ, அனில் அம்பானி குழுமம், வேதாந்தா, வீடியோகான் ஆகிய பத்துக் குழுமங்களின் கடன் மட்டும் இந்திய வங்கிகள் கொடுத்த மொத்தக் கடனில் சுமார் 13 சதவீதம் என்றது. அபாய மணி அன்றே அடித்துவிட்டது. வங்கிகள் அதைக் கேட்டுக் கடனைச் சுருக்கவில்லை. பழைய கடனை அடைக்கப் புதிய கடன் கொடுத்து, கணக்கைப் பச்சையாகவே வைத்திருந்தன.

வாயு போனது, கரி போனது, காலம் போனது

கிருஷ்ணா - கோதாவரிப் படுகையில் ரிலையன்ஸின் டி6 வயலிலிருந்து வாயு பொங்கி வரும் என்ற நம்பிக்கையில் கொண்டபள்ளியை லான்கோ விரிவாக்கியது. மூன்றாம் கட்டம் மட்டும் 742 மெகாவாட். வயலில் உற்பத்தி 2010-க்குப் பிறகு சரிந்தது. 2013 மார்ச்சில் மின்நிலையங்களுக்கு அங்கிருந்து வாயு வருவது அடியோடு நின்றது. கட்டி முடித்த நிலையம் எரிபொருளுக்கு வாய் திறந்து காத்துக்கிடந்தது. வட்டி மட்டும் நாள் தவறாமல் ஏறியது.

நிலக்கரியிலும் இதே நிலை. கோல் இந்தியா ஒதுக்கியது வேறு, அனுப்பியது வேறு. அமர்கண்டக்கில் ஒப்புக்கொண்ட விலைக்கு விற்பதா, சந்தையில் விற்பதா என்று மத்தியப் பிரதேசத்தோடும் ஹரியானாவோடும் வழக்கு. மாநில மின்வாரியங்கள் பணத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தன. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தபோது துறையே ஆடிப்போனது.

காலதாமதம் என்ன செய்யும் என்பதை மேலே சொன்ன 6,000 கோடி நிலையத்தை வைத்தே பார்க்கலாம். 4,500 கோடிக் கடனுக்கு 12 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 540 கோடி. இரண்டு வருடம் தள்ளிப்போனால் ஆயிரம் கோடிக்கு மேல் செலவில் ஏறிவிடும். வட்டிக்கு வட்டி தனி. ஏலத்தில் எடுத்த விலையை அதற்கேற்ப ஏற்ற முடியாது. கட்டி முடிக்கும் நாளன்றே அந்த நிலையம் கடனை அடைக்கத் திராணியற்றதாக நிற்கும். பபந்த்தும் விதர்பாவும் அந்தக் கட்டத்தைக்கூட எட்டவில்லை.

இவ்வளவு நெருக்கடி சூழ்ந்து வரும்போதுதான் 2011-இல் ஆஸ்திரேலியாவின் காலி நகரத்திலுள்ள கிரிஃபின் சுரங்கத்தைச் சுமார் 75 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு லான்கோ வாங்கியது. பன்பரி துறைமுகத்தை விரிவாக்கி, அங்கிருந்து கரியை இந்தியாவுக்குக் கப்பலேற்றுவது திட்டம். துறைமுக விரிவாக்கம் நடக்கவே இல்லை. தனக்கு வர வேண்டிய கரி ஒப்பந்தம் பாழாயிற்று என்று பெர்டமன் என்ற உர நிறுவனம் பல நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. பிறகு சிறு தொகைக்குச் சமரசமானது. 2016-இல் அங்கே பராமரிப்புத் தொழிலாளர்களின் சம்பள ஒப்பந்தம் ரத்தாகி, வருமானம் நாற்பது சதவீதத்துக்கு மேல் வெட்டுப்பட்டது. ஹைதராபாத்தில் போட்ட கணக்கு தப்பியதற்கு, எங்கோ தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஃபிட்டர் விலை கொடுத்தார். சுரங்கத்தின் கடனைச் சுமந்து நின்றது நம் ஐசிஐசிஐ வங்கி. 2022-இல் சுரங்கம் ரிசீவர் கைக்குப் போன பிறகு, மின்சாரம் நின்றுவிடக்கூடாது என்பதற்காக மேற்கு ஆஸ்திரேலிய அரசு தன் பணத்தைப் போட்டு அதை ஓட்ட வேண்டியதாயிற்று.

உள்ளூரில் 2013 டிசம்பரில் 7,000 கோடிக்கு மேற்பட்ட கடனை வங்கிகள் மறுசீரமைத்தன: தவணைக்கு அவகாசம், வட்டியில் சலுகை, கூடவே புதுக் கடன். 2014-இல் குழுமத்தின் நல்ல சொத்துகளில் ஒன்றான உடுப்பி நிலையத்தை 6,000 கோடிக்கு மேல் விலைபேசி அதானிக்கு விற்றார்கள். அது கடன்குவியலில் ஒரு மூலையைத்தான் குறைத்தது.

2017 ஜூனில் ரிசர்வ் வங்கி பன்னிரண்டு பெரிய கடன்காரர்களைத் தேர்ந்து, புதிய திவால் சட்டத்தின் கீழ் வழக்குப் போடச் சொன்னது. அந்தப் பட்டியலில் லான்கோவின் பெயருக்கு எதிரே இருந்த எண்: 44,364 கோடி. ஐ.டி.பி.ஐ. வங்கி மனுப் போட, ஆகஸ்டில் தீர்ப்பாயம் ஏற்றது. கம்பெனியை எடுத்துக்கொள்ள முன்வந்தவர்களில் நம் சேலத்துச் சுரங்க ஒப்பந்த நிறுவனமான திரிவேணி எர்த்மூவர்ஸும் உண்டு. அவர்கள் கேட்ட விலையும் நிபந்தனையும் கடன் கொடுத்தவர்களுக்கு ஒத்துவரவில்லை. 270 நாள் கெடு முடிந்தது. கலைப்பு. 240 ரூபாய்க்கு விற்ற பங்கு, இடையில் முகமதிப்பு பிரிக்கப்பட்டிருந்தாலும், கடைசியில் ஒரு ரூபாய்க்கும் கீழே கிடந்தது.

அதன் பிறகு சொத்துகள் துண்டு துண்டாகப் போயின. டீஸ்டா திட்டத்தை அரசின் என்.எச்.பி.சி. 897.5 கோடிக்கு எடுத்தது. அமர்கண்டக்கை 2024-இல் அதானி பவர் 4,101 கோடிக்கு வாங்கியது. அதன் மீதிருந்த கடன் 14,000 கோடிக்கு மேல். கடன் கொடுத்தவர்களுக்கு ரூபாய்க்கு முப்பது காசுகூடத் தேறவில்லை.

மீதி எழுபது காசை யார் கட்டினார்கள்? 2017 அக்டோபரில் அரசு வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி மறுமூலதனம் என்று மத்திய அரசு அறிவித்தது. பெரும்பாலும் வரிப்பணம். லான்கோவுக்கு எதிராக மனுப் போட்ட ஐ.டி.பி.ஐ. வங்கி, இத்தகைய பல கடன்களால் தள்ளாடியபோது, 2019 ஜனவரியில் எல்.ஐ.சி. 21,624 கோடி போட்டு அதன் 51 சதவீதப் பங்கை எடுத்தது. போளூரிலும் ஆலங்காயத்திலும் மாதச் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய பிரீமியமும் அந்தக் குவியலில் உண்டு. லான்கோவின் பெயரையே கேள்விப்படாதவர்கள் அதன் கடனில் பங்குதாரர் ஆனார்கள்.

எண்ணூரில் நின்ற கொதிகலன்

தமிழ்நாட்டுக்கு லான்கோ வைத்துவிட்டுப் போன பெரிய வடு எண்ணூரில் இருக்கிறது. 1970 முதல் ஓடிய பழைய 450 மெகாவாட் நிலையத்துக்கு வயதாகிவிட்டதால், பக்கத்திலேயே 660 மெகாவாட்டில் புதிதாக ஒரு அலகு கட்ட மின்வாரியம் முடிவெடுத்தது. 2014 மே மாதம் அந்த வேலை லான்கோவிடம் போனது. மதிப்பு சுமார் 3,900 கோடி.

தேதியைக் கவனியுங்கள். அதற்கு ஐந்து மாதத்துக்கு முன்புதான் அதே கம்பெனியின் கடன் மறுசீரமைப்புக்குப் போயிருக்கிறது. தன் சொந்த நிலையங்களையே முடிக்கப் பணமில்லாமல் தவிப்பவர் என்று நாட்டின் எல்லா வங்கிகளுக்கும் தெரிந்த ஒருவரிடம், தமிழ்நாட்டின் மின்வாரியம் நாலாயிரம் கோடி வேலையைக் கொடுத்தது. டெண்டர் விதிப்படி எல்லாம் சரியாகவே இருந்திருக்கலாம். குறைந்த விலை கேட்டவருக்கு வேலை என்பது விதி. மூச்சுத் திணறும் ஒப்பந்ததாரருக்கு முன்பணம் உடனே தேவை; அதற்காக அவர் குறைந்த விலை கேட்பார். விதி அவரைத்தான் முதலிடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். இந்த விதியை எழுதியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

பழைய நிலையம் 2017 மார்ச்சில் நிரந்தரமாக மூடப்பட்டது. புதியதோ ஐந்தில் ஒரு பங்குகூட எழும்பவில்லை. லான்கோ திவாலுக்குள் போனதும் வேலை படுத்தது. சப்-கான்ட்ராக்டர்களுக்கு வர வேண்டிய பில் அப்படியே நின்றது. 2018-இல் ஒப்பந்தம் ரத்து. பிறகு சென்னையின் பி.ஜி.ஆர். எனர்ஜிக்கு 4,442 கோடிக்கு வேலை போனது. வங்கி உத்தரவாதம் கட்டவில்லை என்று 2021-இல் அதுவும் ரத்தாகி, 2022-இல் மறுபடி உயிர் பெற்று, அரசியல் சண்டையாகவும் ஆனது. இதற்குள் 2009-இல் வாங்கிய சுற்றுச்சூழல் அனுமதி காலாவதி. சாம்பலிலும் எண்ணெய்க் கசிவிலும் ஏற்கெனவே அவதிப்படும் எர்ணாவூர், காட்டுக்குப்பம் மக்கள் இப்போது அந்த நிலையமே வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. போட்ட பணம் மண்ணில், வராத மின்சாரத்துக்குப் பதில் வெளிச்சந்தையில் வாங்கிய மின்சாரம், அந்தச் செலவு மின்கட்டணத்தில். ஒரு ஒப்பந்ததாரரின் வீழ்ச்சி ஒரு மாநிலத்தின் பத்தாண்டை இப்படித்தான் தின்னும்.

டோல் வசூலாகாத மலை

ஜவ்வாது மலையின் வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஓடுகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து வாலாஜாபேட்டை வரை அதை ஆறு வழியாக்கியது எல் அண்ட் டி குழுமம், டோல் வசூலித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில். பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடி பக்கமும் சுங்கச்சாவடிகள். வேலை முடிந்தது, சாலையும் ஓடுகிறது. ஆகவே தனியார் பங்களிப்பு என்றாலே தோல்வி என்று நான் சொல்ல வரவில்லை. சொந்தப் பணமும் கட்டிப் பழகிய கையும் உள்ளவர் எடுத்தால் நடக்கும்; லாரி நிறைய ஓடுகிற தடமாகவும் இருக்க வேண்டும்.

மேலே மலையில் லாரி ஓடாது. அங்கே யாரும் டோல் கட்டப் போவதில்லை. அதனால் உள்கட்டமைப்பு என்று நாடே பேசிக்கொண்டிருந்த அந்தப் பதினைந்து ஆண்டுகளில், எந்தக் குழுமமும் இந்த மலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன் இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸும் மலையேற முடியவில்லை. பெற்றவள் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி நடந்தே ஊர் சேர்ந்தாள். அங்கே தேவைப்பட்டது சில கிலோமீட்டர் மலைப்பாதையும் வனத்துறையின் ஒரு கையெழுத்தும்.

பீஞ்சமந்தைக்கும் ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்களுக்கும் இப்போது ஒவ்வொன்றாகச் சாலை வருகிறது. எல்லாம் அரசின் நேரடிப் பணம், சிறு சிறு ஒப்பந்தங்கள். தாமதமும் தரக்குறைவும் அதிலும் உண்டு. முதல் மழைக்கே பெயர்ந்த சாலைகளை இங்கே யாரும் காட்டுவார்கள். ஆனால் ஒரு சிறு ஒப்பந்ததாரர் ஓடிப்போனால் ஒரு சாலை நிற்கும். வங்கி படுக்காது. லான்கோவுக்கும் டிரான்ஸ்ட்ராய்க்கும் வங்கிகள் கொடுத்த தொகையில் ஒரு சிறு பங்கு நேர்வழியில் வந்திருந்தால், ஜவ்வாது மலையில் சாலை எட்டாத ஊர் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

இனி இப்படி நடக்காமலிருக்க ரிசர்வ் வங்கி ஒரு முயற்சி எடுத்தது. 2024 மே மாதம் வெளியிட்ட வரைவு விதியில், கட்டுமானத்தில் இருக்கும் திட்டத்துக்குக் கொடுக்கும் கடனில் 5 சதவீதத்தை இழப்புக்கென்று வங்கிகள் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும் என்றது. லான்கோவைப் பார்த்தவர்கள் எழுதிய விதி அது. வங்கிகளும் கட்டுமானத் தொழிலும் எதிர்த்தன. வட்டி ஏறும், திட்டங்கள் நின்றுபோகும் என்றன. 2025 ஜூனில் வந்த இறுதி விதியில் அந்த 5 சதவீதம், வணிகக் கட்டடங்கள் அல்லாத திட்டங்களுக்கு 1 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. கடன் கொடுக்கும் முன் நிலம் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு, நல்லதுதான். ஆனால் அரசு - தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு நிலத்தில் பாதி இருந்தால் போதும். கிருஷ்ணகிரி - திண்டிவனம் சாலையும் அப்படியொரு கூட்டுத் திட்டம்தான். 2025 அக்டோபர் 1 முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் நிதிக் குழு வங்கிகளைக் கூப்பிட்டு, 5 எப்படி 1 ஆனது என்று கேட்க வேண்டும். எந்தெந்தக் குழுமம் தன் திட்டத்தைத் தானே கட்டிக்கொண்டு, அதில் எவ்வளவு லாபம் எடுக்கிறது என்ற பட்டியலையும் கூடவே கேட்டு வாங்க வேண்டும்.